மனநோயும் மரபணுவும்: ஒரு நீதியின் கேள்வி

பட்டாணிச் செடிகளில் மரபின் விதிகளைக் கண்டு 1865-இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்த கிரகோர் மெண்டல், அகுஸ்தீனார் சபைத் துறவி. மரபியல் ஒரு துறவு மடத்தின் தோட்டத்தில் வேர்விட்டது என்பதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் அவ்வறிவு இன்று யாருடைய குருதியைப் படித்து வளர்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. மனநோயைப் பொறுத்தவரை இது அறநெறியின் கேள்வியாகும்.

மனச்சிதைவு நோய் ஏதோ ஒரு மரபணுவால் மட்டும் விளைவதன்று. நூற்றுக்கணக்கான மரபுக் கூறுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கின்றன. அவற்றை அறிய ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட்டாக வேண்டும். 2019-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, எல்லா நோய்களுக்குமான இத்தகைய ஆய்வுகளில் பங்குபெற்றோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர். உலக மக்கள்தொகையிலோ அவர்கள் சுமார் 16 விழுக்காட்டினரே. ஒரு மக்களை அளந்து செய்த அளவுகோல் வேறு மக்களிடம் பிசகிப்போவதில் வியப்பில்லை.

இது வெறும் ஏட்டளவுக் குறையன்று. வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படும் கார்பமாசெபின் என்னும் மருந்து, குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உடையோருக்கு உயிரைப் பறிக்கவல்ல தோல் நோயை உண்டாக்கக்கூடும். அவ்வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆசிய மக்கள் பலரிடம் உண்டு. தைவான் நாட்டு ஆய்வாளர்கள் தம் மக்களை ஆராய்ந்ததால்தான் 2004-இல் இத்தொடர்பு வெளிப்பட்டது. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் அது எளிதில் புலப்பட்டிராது.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமாகிய ஸ்கார்ஃப், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு இணைந்து தென்னிந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. 2019-இல் வெளியான அதன் முடிவு, நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் கையாளுவதில் பங்குள்ள ஒரு மரபணுவைச் சுட்டியது. இது முடிந்த முடிபன்று. மேலும் சோதிக்கப்பட வேண்டியது. எனினும் நம்மவரிடம் தேடியதால் கிடைத்த தடயம் அது.

அப்படியாயின், எல்லோரும் குருதி தர முன்வருவதே கடமை என்று முடித்துவிடலாமா? வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. மனநோய் மரபியலின் முன்னோடிகளுள் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின், நாசி ஜெர்மனியின் 1933-ஆம் ஆண்டுக் கட்டாயக் கருத்தடைச் சட்டத்திற்குத் துணைநின்றவர். மனச்சிதைவுற்றோரும் அச்சட்டத்திற்கு இலக்காயினர். பின்னர் நோயாளிகள் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டு 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் கலென் மறையுரை மேடையிலிருந்தே அக்கொலைகளைக் கண்டித்தார். பயன் தராதவர் வாழத் தகாதவர் என்ற எண்ணம் புகுந்துவிட்டால், மரபறிவு மனிதனை அழிக்கும் கருவியாகிவிடும்.

நம் ஊர்களில் அந்த அபாயம் வேறு உருவில் இருக்கிறது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் முன் ‘அந்தக் குடும்பத்தில் யாருக்கேனும் சித்தப்பிரமை உண்டா?’ என்று பங்குத்தந்தையிடமே மறைவாக விசாரிக்கின்றனர். சாதிக்குள்ளேயே மணமுடித்து வந்த சமூகத்தில், ஒரு குழுவினரிடம் காணப்பட்ட மரபுக் கூறு நாளை அக்குழு முழுவதன்மேலும் பழியாக விழலாம். ஆனால் அறிவியல் கூறுவது வேறு. ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையருள் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட இணைகளில் மற்றவருக்கு அது வருவதில்லை. மரபு ஒரு சாய்வே அன்றி விதியன்று.

எனவே பழிக்கு அஞ்சி ஆய்வையே மறுப்பது தீர்வாகாது; மறுத்தால் நம் பிள்ளைகள் பிறருக்கெனத் தைத்த சட்டையையே அணிய வேண்டியிருக்கும். நிபந்தனைகளோடு பங்குபெறுவதே முறை. நோயாளி புரிந்துகொண்டு தானாகத் தரும் இசைவு வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதை வலியுறுத்துகிறது. பெயர் காக்கப்பட வேண்டும். கிடைத்த பயன் குருதி தந்தவரின் ஊருக்குத் திரும்ப வேண்டும். சென்னையில் ஆராய்ந்ததால் தமிழகம் முழுவதையும் அறிந்துவிட்டதாக எண்ணலாகாது. ஆத்தூரைச் சூழ்ந்த கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, ஐரோப்பியரிடம் நாம் காணும் குறையை நாமே செய்வதாகும்.

உறுப்புகள் பலவாயினும் உடல் ஒன்றே என்றும், வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்றும் கொரிந்தியருக்குத் தூய பவுல் எழுதினார். மனநோயுற்றவர் அவ்வுடலின் உறுப்பு; அவர் பிறந்த எளிய இனமும் அவ்வாறே. அவர்களை அறியாத மருத்துவம் குறையுள்ளது. அவர்களை மதியாத மருத்துவம் தீமையானது. குருதி கேட்டு வருவோரிடம் இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லும் துணிவும், மனநோயாளி இருக்கும் வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்காத நெஞ்சமும் நம் பங்குகளில் வளரட்டும்.