அண்ணாமலைக்கு எத்தனை இன்ச்?

அம்மாவுக்கு வயது 84. முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கும்வரை ஒரு கார்த்திகை தவறாமல் கும்பகோணத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறியவள். இப்போது தீபம் டிவியில்தான். பழைய 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி ஐப்பசி மழையில் ஒருநாள் புகைந்து அடங்கியது. அதற்குப் பதிலாக 32 இன்ச் எல்இடி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன்.

தீபத்தன்று மாலை அம்மா டிவியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மலையை யாருடா அமுக்கினது?"

கேபிள்காரர் தீபம் காட்டிய சேனலைப் பழைய நாலுக்கு மூன்று வடிவில் அனுப்பிக்கொண்டிருந்தார். டிவியோ அதைத் தன் பதினாறுக்கு ஒன்பது சட்டத்துக்குள் இழுத்து நிரப்பியிருந்தது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, அண்ணாமலை சப்பாத்திக் கல்லில் வைத்த மாவு மாதிரி பரந்து கிடந்தது. ரிமோட்டில் தேடிச் சரிசெய்தேன். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது, மலை மலையாக நின்றது. அம்மா விடவில்லை. "பெரிய டிவின்னியே, மலை அதே உசரம்தானே இருக்கு?"

31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? டேப்பை எடுத்தேன். பரணில் கிடந்த பழையதையும் இறக்கி அளந்தேன். அதில் படம் தெரிகிற உயரம் முப்பதரை செ.மீ., புதியதில் 39. எட்டரை செ.மீ.தான் லாபம். அகலமோ 41லிருந்து 70க்குப் போயிருந்தது. ஆக டிவி வளர்ந்திருக்கிறது, நடுவயதில் மனிதர்கள் வளர்வதுபோல, பக்கவாட்டில். தீபமோ மேலே போகிற வஸ்து.

கோளாறு அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது. 32 என்பது மூலைவிட்டம், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகிற கோடு. அந்தக் காலத்துப் பிக்சர் டியூப்பின் முகம் வட்டமாக இருந்தது, விட்டத்தைச் சொன்னால் போதும். பின்னால் முகம் செவ்வகமானதும் விட்டம் இருந்த இடத்தில் மூலைவிட்டம் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீள அகல விகிதம் தெரியாமல் மூலைவிட்டத்தை மட்டும் வைத்து உயரத்தைச் சொல்லவே முடியாது. என் வகுப்பில் எவனாவது அப்படி விடை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

அட்டைப்பெட்டி இன்னும் வேடிக்கை. அதில் 80 செ.மீ. என்றும் 32 என்றும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தது. 32ஐ 2.54ஆல் பெருக்கினால் 81.28 வர வேண்டும். 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை இன்ச்தான். வாக்குமூலமும் அதற்கு மறுப்பும் ஒரே பெட்டியில்!

இரவு தூக்கம் வராமல் சிவஞான சித்தியாரை எடுத்தேன். அருணந்தி சிவாச்சாரியார் கடவுளைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறார். எதைக் கொண்டு ஒன்றை அறிகிறோமோ அது அளவை. பலரும் பல எண்ணிக்கை சொன்னாலும் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கடைக்காரர் சொன்ன 32 உரை. டேப்பில் நான் பார்த்த 39 காண்டல். மூலைவிட்டத்தையும் விகிதத்தையும் வைத்து உயரத்தைப் போட்டுப் பார்ப்பது கருதல். டிவி வாங்குகிறவன் உரையோடு நின்றுவிடுகிறான், நானும் நின்றேன்.

சரி, டிவியில் தீபம் பார்த்தது எதில் சேரும்? தொலைக்காட்சி என்று பெயர் வைத்துவிட்டதால் அது காட்சி ஆகிவிடுமா? ஆகாது என்றே எனக்குப் படுகிறது. ஐயமும் திரிபும் இல்லாமல் இருந்தால்தான் காண்டல். ஒரு பட்டனில் மலை அமுங்கி இன்னொரு பட்டனில் நிமிர்கிறதென்றால் அது ஒருவர் எடுத்துச் சொல்ல நான் நம்புகிற சங்கதி, அதாவது உரை. அதனால் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆகமமும் உரைதானே! சொல்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. அடிமுடி தேடிய கதையில் பிரம்மா முடியைக் காணவில்லை, கண்டதாகச் சொன்னார், தாழம்பூ சாட்சி சொன்னது. பெட்டியில் இருந்த அந்த அரை இன்ச் எனக்குத் தாழம்பூவைத்தான் ஞாபகப்படுத்தியது.

அந்தக் கதையைக் கல்லில் வடித்த சிற்பி, அடிமுடி இல்லாததை ஒரு மாடத்துக்குள் காட்டும் சிக்கலை எப்படிச் சமாளித்தான் என்று சோழர் காலச் சிவன் கோயில்களில் கருவறையின் மேற்குச் சுவரைப் பார்த்தால் தெரியும். லிங்கோத்பவர் இருப்பார். மேலே அன்னம், கீழே பன்றி. தூணின் பிளவுக்குள் நிற்கும் சிவனுக்குப் பாதம் தெரியாது, தூணுக்குள் மறைந்திருக்கும். மாடம் போதாமல் அப்படிச் செய்யவில்லை. அளவில்லாததை ஒரு சட்டத்துக்குள் முழுசாகக் காட்டினால் அது பொய்யாகிவிடும். திருவண்ணாமலை 2,668 அடி. நான் அதை 39 செ.மீ.யில் முழுசாகப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் காலையில் அம்மாவிடம் விளக்கி, 55 இன்ச் வாங்கிவிடலாம் என்றேன். படத்தின் உயரம் 68 செ.மீ. வரும். அவள் பதில் சொல்லாமல் எட்டடி தள்ளிக் கிடந்த பிரம்பு நாற்காலியை இழுத்து நாலடியில் போட்டுக்கொண்டாள். "இப்ப ரெட்டிப்பு ஆச்சா?" கணக்குப்படி சரிதான். எட்டடியில் 64 இன்ச் வைத்துப் பார்ப்பதும் நாலடியில் 32 வைத்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றே. கடவுளுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சாமீபம் என்று சைவர்கள் சொல்வது இதுவாக இருந்தாலும் இருக்கும்.

கார்த்திகைக்குள் டிவி வாங்க நினைப்பவர்கள் கடைக்கு ஒரு டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். உயரத்தை அளந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்.