தனக்குத்தானே கொடுக்கும் வாக்கு

வரும் ஆண்டில் ஐம்பது நூல்கள் படிப்பேன், நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதுவேன் என்று ஓர் எழுத்தாளர் உறுதி எடுக்கிறார். அந்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பது மெய்யியலில் பழைய கேள்வி. பிறருக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவர் விடுவித்தால்தான் விடுதலை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரே என்றால், கட்டியவர் தானே அவிழ்த்துக்கொள்ளலாம். 1651இல் வெளியான ‘லெவியத்தான்’ நூலில், அரசனைச் சட்டம் கட்டுப்படுத்துமா என்று ஆராயும் இடத்தில், ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் இந்த வாதத்தை முன்வைக்கிறார். தனக்கு மட்டும் கட்டுப்பட்டவன் எதற்கும் கட்டுப்படாதவன் என்பது அவர் முடிவு. அது சரியென்றால் புத்தாண்டு உறுதி வெறும் விருப்பம்தான். பொங்கலுக்குள் அது கலைந்தாலும் யாருக்கும் எந்தக் குறையும் நேரவில்லை.

சமயங்கள் இதை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. சென்னைப் புறநகரில், பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பிலேயே அவை தந்த விடைகள் பல நடைமுறையில் இருக்கின்றன. ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையே அங்கே சான்றாகவும் நிற்கிறது.

நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம், 1898 முதல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம் இல்லை என்றானதும், 1911இல் அந்த வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அதே ஆண்டு துறவு பூண்டார். 1916க்குப் பின் மறைமலையடிகள் என்று அறியப்பட்டார். பல்லாவரத்தில் வீடு, சமரச சன்மார்க்க நிலையம், சொந்த அச்சுக்கூடம், நூலகம் ஆகிய எல்லாவற்றையும் படிப்புக்கும் எழுத்துக்கும் என்றே அமைத்துக்கொண்டார். அவர் விட்டு வந்த கல்லூரியும் 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. பல்லாவரத்திலிருந்து ரயிலில் மூன்றாவது நிலையம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய நாட்குறிப்பு. 1898இல் தொடங்கி மறைந்த 1950 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அதை எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவரான அவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். படிப்பும் எழுத்தும் சொற்பொழிவும் உடல்நிலையும் வீட்டுச் செலவின் தொல்லையும் அதில் பதிவாயின. நாட்குறிப்பு வாக்குறுதி அல்ல. நடந்ததைச் சொல்லும் கணக்கு. ஆனால் ஹாப்ஸின் வாதத்துக்கு வலுவான பதில் இந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது. நேற்று எழுதியவரும் இன்று அதைப் படிப்பவரும் பெயரளவில் ஒருவர், மனநிலையில் இருவர். இன்றைய சோம்பல், நேற்றைய கையெழுத்தின் முன்னால் பதில் சொல்லியாக வேண்டும். வாக்கைப் பெற்றுக்கொள்ள வேறொருவர் இல்லாத இடத்தில், சாட்சியாவது கிடைத்துவிடுகிறது.

சமயச் சடங்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பூசை தொடங்கும் முன் சொல்லும் சங்கல்பத்தில் ஆண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை முதலில் வரும். செய்யப்போகும் செயல் கடைசியில்தான் வரும். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் இதைச் செய்கிறேன் என்பதே அதன் அமைப்பு. சொன்னவர் எழுந்து போய்விடுவதில்லை; அதே இருக்கையில் செயலைத் தொடங்குகிறார். ஆண்டு முழுவதற்குமான பெருந்திட்டத்தை ஒரே மூச்சில் அறிவிக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. உறுதியின் அளவு ஒரு நாள், ஓர் அமர்வு. எழுத்தாளருக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

காலத்தைப் பங்கிடுவதிலும் இதே நுட்பம் உண்டு. மார்கழியில் திருப்பாவை உபந்நியாசம் நாளுக்கு ஒரு பாசுரமாக முப்பது நாள் நடக்கும். நேரம் மிச்சம் இருக்கிறதென்று முதல் வாரத்திலேயே பத்துப் பாசுரங்களை முடித்துவிடுவதில்லை. ரமலானில் குர்ஆனை ஜுஸ்வு எனப்படும் முப்பது பகுதிகளாக ஓதி முடிக்கும் வழக்கத்திலும் அதே பங்கீடுதான். திருவாசக முற்றோதல் வேறு வகை. ஐம்பத்தொரு பகுதிகளையும் காலையில் தொடங்கி அன்றைக்கே ஓதி முடிப்பார்கள். மூன்றிலும் பகுதி முன்பே வரையறுக்கப்பட்டது, முடியும் நாள் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து ஓதுபவர் உண்டு. தனியாக உறுதி எடுக்கும் எழுத்தாளருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. அவருடைய உறுதி கலைவதை மனவலிமையின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை.

கிறித்தவ வழக்கம் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், நள்ளிரவு கடந்ததும் புதிய ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் தரப்படும். சில சபைகளில் அட்டைகளிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். அது வீட்டுச் சுவரில் ஆண்டு முழுவதும் இருக்கும். இங்கே வாக்குக் கொடுப்பவர் இறைவன், மனிதர் பெற்றுக்கொள்பவர். ஆண்டு தன் சொல்லோடு தொடங்காமல், வாங்கிய சொல்லோடு தொடங்குகிறது. எழுதுவதற்கு முன் படிப்பு வேண்டும் என்பதன் ஆழமான பொருள் இதுதான் என்று கொள்ளலாம்.

ஓராண்டில் விவிலியத்தைப் படித்து முடிக்கும் அட்டவணையும் அதே மரபில் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன், 1842இல் தம் சபையாருக்காக அப்படி ஒன்றை வகுத்தார். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு முறை என்பது அவருடைய திட்டம். அதன் பயன்களைச் சொல்லும் முன்பே ஆபத்துகளை எழுதினார்: படிப்பு வெறும் சடங்காகலாம், முடித்தவருக்குத் தன்னைப் பற்றிப் பெருமிதம் வரலாம், அவசரத்தில் மேலோட்டமாகப் படிக்க நேரலாம், சிலருக்குத் தூக்க முடியாத சுமையாகலாம். படித்த நூல்களை எண்ணி வைக்கும் எவருக்கும் இந்த நான்கும் இன்றும் பொருந்தும். இரண்டாவது ஆபத்துதான் மிகக் கொடியது. எண்ணிக்கை ஏற ஏற, படித்ததைவிடப் படித்தோம் என்ற நினைப்பே மனத்தில் தங்கிவிடுகிறது.

எத்தனை நூல் என்ற கேள்வியை எந்த நூல் என்று மாற்றுவதற்குச் சைவ சித்தாந்தம் வலுவான காரணம் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் அமைத்த சிவஞானபோதத்தை ஒட்டி வளர்ந்த கொள்கைப்படி, உயிர் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் இயல்பைப் பெறுகிறது. அருகில் வைத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல என்பது அந்த மரபு தரும் உவமை. உயிரைப் பிணைக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் அறியாமை, இறைவனைச் சார்ந்தால் அறிவு. இதைப் படிப்புக்குப் பொருத்தினால், ஒரு நூலோடு பல மாதங்கள் இருப்பது நேர வீண் ஆகாது. படிப்பவர் அதன் நிறத்தை ஏற்கும் காலம் அது. மறைமலையடிகள், திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரோடு இருந்தது அப்படித்தான். பல ஆண்டு உழைப்புக்குப் பின் ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ 1930இல் வெளிவந்தது.

எழுத்தின் இலக்கு இதைவிடச் சிக்கலானது. உட்காருவது எழுத்தாளர் கையில் இருக்கிறது. எழுத்து வருவது முழுவதும் அவர் கையில் இல்லை. பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலைத் தலபுராணம் இதற்கு நல்ல விளக்கம். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். அவர் திரும்பிப் போகவில்லை. ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்தபின் சேவித்தார் என்கிறது புராணம். நீரை வடியச் செய்வது அவர் வேலை அல்ல. அங்கேயே இருப்பது அவர் வேலை. ஆகவே நாளுக்கு ஒரு மணி நேரம் மேசையில் இருப்பேன் என்பது காக்கக்கூடிய உறுதி. ஆண்டுக்குள் நாவலை முடிப்பேன் என்பது வேண்டுதல். இரண்டும் நல்லவையே, ஒன்றை மற்றொன்றாக நினைக்காத வரை. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்கு ஒரு கெடு வைக்கிறது. அது சந்தையின் கெடு; அதைத் தவறவிட்டவர் எந்த நோன்பையும் முறித்தவர் ஆகமாட்டார்.

தொடங்கும் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளாக்கி 2008இல் வந்த சட்டம் 2011இல் நீக்கப்பட்டு, சித்திரை முதல் நாளே மீண்டும் வந்தது. உறுதி எடுப்பவர்களில் பலர் ஜனவரி முதல் நாளையே கொள்கிறார்கள். எந்த நாளானாலும் சங்கல்பம் கேட்பது நாளின் பெயரைத் தெரிந்து சொல்வதை மட்டுமே.

நிறைவேறாத உறுதி என்னவாகிறது என்பது மிஞ்சும் கேள்வி. பெற்றோர் செலுத்தாமல் விட்ட நேர்த்திக்கடனைப் பிள்ளைகள் செலுத்துவது தமிழ்நாட்டு வழக்கம். வேண்டியவர் மறைந்தாலும் கடன் மறைவதில்லை. மறைமலையடிகளின் ‘திருவாசக விரிவுரை’ முதல் நான்கு அகவல்களோடு நின்றது. உரை எழுதும் அந்தப் பணியைப் பிறரும் ஏற்றார்கள்: ஈழத்தில் தமிழறிஞர் நவநீதகிருஷ்ண பாரதியார் திருவாசகத்துக்கு ஆராய்ச்சி உரை எழுதினார். அடிகள் சேர்த்த சுமார் நாலாயிரம் நூல்கள், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1958இல் அவர் பெயரிலான நூலகமாகச் சென்னையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.