அணியும் அரசும்

ஒரு பக்கத்தைச் சார்வது குற்றமா? மனிதன் பிறந்த நாள் தொட்டே ஏதோ ஒரு பக்கத்தைச் சார்ந்தவன்தான். தாய்மொழி என்கிறோம், சொந்த ஊர் என்கிறோம். இவையெல்லாம் சார்பின் பெயர்களே. சார்பு அற்றவனிடம் அன்பும் அற்றுப் போகும். ஆயினும், சார்பு எவ்விடத்தில் மனிதனுக்கு அழகு தருகிறது, எவ்விடத்தில் அதுவே அவன் கண்ணை மறைக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினா. இவ்வினாவை ஏட்டில் தேடிப் போக வேண்டாதபடி, 2024ஆம் ஆண்டின் கோடை பெங்களூர்த் தமிழர் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. மார்ச் 22ஆம் நாள் தொடங்கி மே 26 வரை ஐ.பி.எல். கிரிக்கெட் நடந்தது. ஏப்ரல் 19 தொடங்கி ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக மக்களவைத் தேர்தல் நடந்தது. ஒரே வெயிலில் இரண்டு பந்தயங்கள். எது எதன் மொழியைப் பேசுகிறது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன.

நான் குடியிருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி இத்தகைய பின்னலுக்குப் பொருத்தமான இடம். 1970களில் கர்நாடக அரசின் மின்னணு நிறுவனம் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில் தோற்றுவித்த தொழில் நகர் இது. இதன் ஓரமாகச் செல்லும் ஓசூர்ச் சாலையில் தெற்கு நோக்கிப் போனால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரிவோரும், கட்டட வேலைக்கு வந்தவரும், மைய அரசின் எழுத்தராகிய என் போன்றவரும் இங்கே கலந்து வாழ்கிறோம். தேநீர்க் கடையில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் ஒரே கண்ணாடிக் குவளையில் ஆறும். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. பெங்களூரில் நடந்த ஏப்ரல் 26, அடுத்த வெள்ளிக்கிழமை. ஒரே தெருவில் ஒருவர் முதல் வெள்ளியன்று ஓசூர்ப் பேருந்தில் ஏறினார். மற்றவர் மறு வெள்ளியன்று பக்கத்துப் பள்ளிக்கு நடந்தார்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பெங்களூர் அணி அவ்வாண்டு முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்றது. பட்டியலின் அடியில் கிடந்த அணியைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று எண்ணியிருந்த வேளையில், ஏப்ரல் 25ஆம் நாள், அதாவது பெங்களூர் வாக்களித்ததற்கு முந்தைய இரவு, ஐதராபாத்தில் அது வென்றது. பின்னர் வரிசையாக வென்றுகொண்டே வந்து, மே 18 அன்று சின்னசாமி அரங்கில் சென்னையை எதிர்கொண்டது. பெங்களூர் எடுத்தது 218. சென்னைக்கோ வெற்றிகூடத் தேவையில்லை. 201 எடுத்துத் தோற்றாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். கடைசி ஓவரில் 17 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. தோனி முதற்பந்தை அரங்கின் கூரைக்கு அப்பால் அனுப்பினார். அடுத்த பந்தில் பிடிகொடுத்தார். சென்னை 191இல் நின்றது. இரு அணிகளுக்கும் புள்ளிகள் பதினான்கே. நிகர ஓட்ட விகிதம் ஒன்றே வேறு: பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. பந்தயத்தின் விந்தை இதுதான். ஏப்ரல் மாதத்தில் எவரும் பொருட்படுத்தாத ஓர் ஓட்டம் மே மாதத்தில் எழுந்து வந்து கணக்குக் கேட்கிறது. அவ்வளவு பாடுபட்டு உள்ளே நுழைந்த பெங்களூர் நான்கே நாளில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது என்பதையும், இறுதி ஆட்டம் சென்னை இல்லாமலேயே சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு மொழி அப்படியே தேர்தலுக்கும் குடிபெயர்ந்தது. மொத்தம் 543, தேவை 272, கூட்டணிக்கு நானூறா இல்லையா, இந்த மாநிலத்தில் இழந்ததை எந்த மாநிலத்தில் ஈடுகட்டுவார் என்று தொலைக்காட்சியில் பேசியவர்கள், புள்ளிப் பட்டியல் படிக்கும் ஆட்ட விமர்சகர்களைப் போலவே பேசினர். அதே கோடையில் பெங்களூர் நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. சின்னசாமி அரங்கின் புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தர குடிநீர் வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. எங்கள் பகுதியில் தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு நின்றவர்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ‘யார் ஜெயிப்பார்?’ என்றார்களே ஒழிய, ‘ஜெயிப்பவர் இந்த வண்டிக்கு என்ன செய்வார்?’ என்று கேட்டவர் மிகச் சிலர். தண்ணீரின்றி நிற்பவனையே பார்வையாளனாக்கிவிடும் ஆற்றல் பந்தயத்துக்கு உண்டு.

அரசு ஊழியனுக்கு இதில் ஒரு தனிப் பாடம் கிடைக்கிறது. 1964ஆம் ஆண்டின் மையக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் ஐந்தாம் விதி, அரசு ஊழியன் அரசியலில் ஈடுபடலாகாது என்கிறது. வாக்களிக்கும் உரிமை உண்டு. ஆனால் யாருக்கு அளிக்கப்போகிறான், யாருக்கு அளித்தான் என்பதை எவ்வகையிலும் வெளிக்காட்டக் கூடாது. ஆகவே அலுவலகத்தில் மஞ்சள் கட்சியும் சிவப்புக் கட்சியும் கிரிக்கெட்டின் பேரால் மேசை தட்டிப் பேசும். மற்றக் கட்சிகள் வாய்மூடி இருக்கும். வாயடைக்கும் விதி என்று இதை வெறுக்கும் நண்பர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதுவதில்லை. நாளை எந்தக் கட்சிக்காரன் வந்து மனு நீட்டினாலும் அதே கோப்பில், அதே வரிசையில் அதை நான் வைக்க வேண்டும். என் வாக்கு எனக்கு உரியது. என் மேசை எல்லார்க்கும் உரியது. வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்கும் அமைச்சனுக்கும் சொல்லும் இடத்தில் வைக்கவில்லை. அறத்துப்பாலில் இல்லறவியலில், வீட்டில் வாழும் சாதாரண மனிதனுக்குச் சொல்லும் இடத்தில் வைத்தார். இது என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த அமைப்பு.

அப்படியானால் சார்பே கூடாதா என்று வினவலாம். ஆட்டத்தில் சார்பு இல்லையேல் சுவையே இல்லை. பெங்களூர் அணியின் மகளிர் 2024 மார்ச்சில் தங்கள் கோப்பையை வென்றுவிட்டனர். ஆடவரோ 2009, 2011, 2016 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்று, பதினேழு பருவங்களைக் கோப்பையின்றிக் கடந்தனர். ஆண்டுதோறும் ‘ஈ சலா கப் நம்தே’ என்று சொல்லி, ஆண்டுதோறும் ஏமாந்து, மறு ஆண்டும் அதே சட்டையை அணிந்துகொண்டு வந்த இரசிகனை நாம் நகைத்தாலும், உள்ளூர மதிக்கிறோம். தோற்கும் அணியைக் கைவிடாமை ஒரு பண்பு. ஏனெனில் அந்த வெற்றிக்கு வெற்றி என்பதற்கு மேல் எந்தப் பயனும் இல்லை. அந்தத் தோல்வியால் எவர் வீட்டு அடுப்பும் அணைவதில்லை.

இதே பண்பை வாக்குச் சாவடிக்குள் எடுத்துச் சென்றால் என்ன ஆகும்? பதினேழு ஆண்டுகள் செய்ய வேண்டியதைச் செய்யாத கட்சிக்கு, ‘நான் என்றும் இந்தக் கொடிதான்’ என்று பதினெட்டாம் முறையும் வாக்களிப்பவன் பெருமைக்குரியவனா? ஆட்டத்தில் அவன் பற்றுறுதி உடையவன். அரசியலிலோ, தீர்ப்பளிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பளிக்க மறுப்பவன். எந்நிலையிலும் தன்னை விட்டு விலகாத வாக்கை எந்தக் கட்சி அஞ்சும்? அஞ்சாத கட்சி எதைச் செய்யும்? கொள்கைப் பற்று வேறு, கொடிப் பற்று வேறு. கொள்கையைப் பற்றியவன், கொடி கொள்கையை விட்டு விலகும்போது கொடியைக் கேள்வி கேட்பான். இரசிகனுக்கு அந்தக் கேள்வியே எழாது, எழவும் வேண்டியதில்லை.

இன்னொரு வேறுபாடு இதனினும் ஆழமானது. நம் முன்னோர் போருக்குச் செல்லும்போது குலப் பூவைச் சூடினர்: சேரன் பனம்பூ, பாண்டியன் வேம்பு, சோழன் ஆத்தி. இன்றைய அணிச் சட்டையின் நிறத்துக்கு அதுவே பாட்டன். உறையூரில் நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்துக்கொண்டிருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர்; இருவர் தலையிலும் ஆத்தியே. கோவூர் கிழார் நடுவே சென்று உரைத்ததைப் புறநானூற்றின் 45ஆம் பாட்டு நமக்குக் காட்டுகிறது. எதிரே நிற்பவன் பனையும் சூடவில்லை, வேம்பும் சூடவில்லை. உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்வதென்பது இயலாது என்பது அப்புலவர் காட்டிய கணக்கு. எந்தப் பட்டியலிலும் அடங்காத கணக்கு அது. ஆட்டத்தில் தோற்ற அணி ஓய்வறைக்குப் போய்விடும். தேர்தலில் தோற்றவர்களுக்கு வாக்களித்தவர்கள் எங்கே போவார்கள்? இங்கேதான் இருப்பார்கள், அதே குழாயில் குடிப்பார்கள், வென்றவனின் சட்டத்துக்கே வரி கட்டுவார்கள்.

குழாய் என்றதும் காவிரியை நினையாமல் பெங்களூர்த் தமிழன் இருக்க முடியாது. 2016 செப்டம்பர் 12ஆம் நாள் இந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அதன் பின்னர்ப் பல நாட்கள் எல்லையில் பேருந்து நின்றதால், குழந்தையையும் பையையும் சுமந்து அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே எல்லை கடந்தவர்கள் பலர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது, கர்நாடகத்துக்குக் கூட்டிய 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றது. அத்தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரி எழுந்த போராட்டத்தின் நடுவே, ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தில் காலணிகள் பறந்தன; சென்னை அணியின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. வயலில் நீரின்றி நிற்பவனுக்கு ஆட்டம் கேலியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த 4.75இல் ஒரு பங்கைக் குடிப்பவன் பெங்களூர்த் தமிழனும்தானே? காவிரிக்கு இரண்டு அணிகள் என்று வைத்துக்கொண்டால் அவன் எந்தச் சட்டையை அணிவது? கன்னடக் கொடியில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன். வண்ணங்களுக்குப் பகை தெரியாது.

ஆட்டத்தைத் தாழ்த்தி அரசியலை உயர்த்துவது என் நோக்கமன்று. அரசியல் ஆட்டத்திடம் கற்க வேண்டியதும் உண்டு. விதியைத் தொடங்குமுன்பே இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன, நடுவர் கை உயர்ந்தால் தலைகுனிந்து வெளியேறுகிறார்கள், முடிந்ததும் கைகுலுக்குகிறார்கள். இவ்வளவு நாகரிகத்தை நம் பேச்சு மேடைகளில் கண்டதுண்டா? முன்னுரிமை எதற்கென்பதையும் இந்நாடு ஒருமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2009இல் தேர்தலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே நேரத்தில் காவலர் தர இயலாது என்று அரசு கூற, அவ்வாண்டின் ஐ.பி.எல். முழுவதும் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. 2014இல் முதற்பகுதி ஐக்கிய அரபு நாடுகளில் நடந்தது. வாக்குச் சாவடிக்குக் காவல், பிறகுதான் மைதானத்துக்கு. அந்த முடிவு எனக்கு இன்றும் நிறைவு தருகிறது. இராகுல் திராவிட் தொடர்பான செய்தியும் நினைவுக்கு வருகிறது. வாக்களியுங்கள் என்று தேர்தல் ஆணையத்தின் சார்பில் கர்நாடக மக்களை வேண்டியவர் அவர். வீடு மாறியதால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கி, மீண்டும் சேர்க்கும் நாளும் கடந்துபோனதால், 2019இல் அவராலேயே வாக்களிக்க இயலவில்லை. 2024 ஏப்ரல் 26 அன்று மற்றவர்களோடு வரிசையில் காத்திருந்து வாக்களித்தார். பெயரும் புகழும் பட்டியலில் இடம் வாங்கித் தருவதில்லை, அது நல்லதுதான்.

ஜூன் 4 அன்று எண்ணிக்கை முடிந்தது. பாரதிய ஜனதா 240 இடங்களில் வென்றது, தனிப் பெரும்பான்மை இல்லை, கூட்டணியோடு 293. எங்கள் பெங்களூர் ஊரகத் தொகுதியில் இதயநோய் மருத்துவர் சி.என். மஞ்சுநாத், பதவியிலிருந்த டி.கே. சுரேசை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். மறுநாள் காலை வென்றவர் தரப்பும் தோற்றவர் தரப்பும் அதே தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்தன.

சரியாக ஓராண்டு கழிந்து, 2025 ஜூன் 3ஆம் நாள், அகமதாபாத்தில் பஞ்சாபை ஆறு ஓட்டங்களில் வென்று பெங்களூர் தன் முதற் கோப்பையைப் பெற்றது. 2009 இறுதி ஆட்டத்தில் தோற்றதும் அதே ஆறு ஓட்டங்களில்தான். மறுநாளே அணியை நகருக்கு அழைத்து வந்தனர். விதான சவுதாவின் படிகளில் அரசு பாராட்டியது. சின்னசாமி அரங்கின் வாயில்களிலோ நெரிசலில் பதினொருவர் மாண்டனர். பலர் இளைஞர். யார் பொறுப்பு என்பதை ஆராய விசாரணைகள் அமைக்கப்பட்டன; அதற்குள் நான் புகவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. ஆட்டத்தின் வெற்றி விளையாடியவர்க்கும் கண்டு மகிழ்ந்தவர்க்கும் உரியது. அதில் அரசுக்கு என்ன பங்கு? கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் உயிரைக் காப்பதுமே அரசின் வேலை. காவல் காக்க வேண்டியவன் மாலை போட மேடை ஏறிவிட்டால் வாயிலில் நிற்பவர் யார்? குடிமகன் இரசிகனாவது ஒரு குறை என்றேன். அரசே இரசிகனாகிவிடுவது அதனினும் பெரிய குறை. அதற்கான விலையை அன்று அந்தப் பதினொரு குடும்பங்கள் கொடுத்தன.

இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையிலும் என் வீட்டில் சுவரில் மஞ்சள் சட்டை ஒன்று தொங்குகிறது. எதிர்வீட்டுச் சிறுவனுடையது சிவப்பு. இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஆட்டம் நடக்கும் மாலைகளில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதும், மறுநாள் ஒரே மிதிவண்டியில் போவதும் வழக்கம். என் மகனுக்கு வாக்குரிமை வர இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. முதல் வாக்கை ஓசூர்ச் சாலையின் எந்த முனையில் போடுவது என்று இப்போதே கேட்கிறான். எங்கே குடியிருக்கிறாயோ அங்கே என்றேன். எங்கே குடியிருக்கப் போகிறான் என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.