சான்றிதழும் மனச்சான்றும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கட்டுமாவடிக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் மணமேல்குடி. அக்கரையோரச் சிற்றூர்களில் ஒரு சிறுவன் வலையின் கிழிசலைப் பின்னக் கற்கும் முறையை நம்மில் பலர் கண்டிருப்போம். பெரியவர் ஒருவரின் அருகே அவன் அமர்கிறான், அவருடைய விரல்களை உற்று நோக்குகிறான், தானும் முயல்கிறான், தவறினால் அவர் கைபிடித்துத் திருத்துகிறார். கற்று முடித்தான் என்று எவரும் அவனுக்குச் சான்றிதழ் வழங்குவதில்லை. வலை நீரில் இறங்கும் நாளில் கடலே அவனைத் தேர்வு செய்கிறது.

இன்று பணியாளர்க்குரிய பயிற்சி வேறொரு வழியில் வந்து சேர்கிறது. ஆசிரியர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், வங்கி ஊழியர் என அனைவருக்கும் பாடம் கைப்பேசித் திரையில் வருகிறது. ஆசிரியர்களையே எடுத்துக்கொள்வோம். 'திக்‌ஷா' என்னும் இணையத்தளம் 2017 செப்டம்பர் 5 அன்று நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் நோக்குடன் 'நிஷ்டா' திட்டம் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. முதலில் நேர்முகமாக நடந்த அப்பயிற்சி, பெருந்தொற்று பள்ளிகளை மூடிய பின், 2020 அக்டோபரில் 18 பாடத்தொகுதிகளுடன் இணையவழிக்கு மாறியது. காணொளியைப் பார்க்க வேண்டும். குறிப்புகளைப் படிக்க வேண்டும். இறுதியில் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அதன்பின் சான்றிதழ் திரையிலேயே வந்துவிடும்.

இதன் நன்மையை மறுப்பது நன்றியன்று. மணமேல்குடியில் பணியாற்றும் ஆசிரியை, கைக்குழந்தையை விட்டுவிட்டு அறந்தாங்கி வழியே மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேற வேண்டியதில்லை. பெருநகர ஆசிரியர் கேட்கும் அதே அறிஞரின் விளக்கத்தை அவரும் கேட்கலாம். புரியாத இடத்தைத் திரும்பவும் கேட்கலாம்.

ஆயினும் நாம் அறிந்த இன்னொரு காட்சியும் உண்டு. காணொளி ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். மறுபுறம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். வினாக்களுக்குரிய விடைகள் வாட்ஸ்அப் குழுவில் முன்னரே வந்திருக்கும். சில வீடுகளில் மகனோ மகளோ பொத்தான்களை அழுத்தி முடித்துத் தருவதும் உண்டு. "நிறைவுற்றது" என்று திரை அறிவிக்கிறது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நாம் நம்மையே தேற்றிக்கொள்கிறோம்.

நட்டம் உண்டு. அது நமக்கன்று, மறுநாள் காலையில் நம் முன் அமரும் குழந்தைக்கு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்கு உதவும் வழியொன்று அக்காணொளியில் இருந்திருக்கலாம். நாம் அதைக் கேட்கவில்லை என்பதை அப்பிள்ளை ஒருபோதும் அறியாது; அறியாததால் முறையிடவும் மாட்டாது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவ அறிக்கை செய்யும்போது, செய்த தீமைகளோடு கடமையில் தவறியதையும் சேர்த்தே சொல்கிறோம். பார்ப்பவர் எவருமில்லாத அந்த அரைமணி நேரம் இவ்வறிக்கைக்குள் அடங்காதா?

இவ்வாறு கேட்டுவிட்டுப் பழி முழுவதையும் கற்பவர் மீது சுமத்தினால் அது நீதியாகாது. நாள் முழுதும் உழைத்தவரிடம் வேலை நேரத்தில் ஒரு மணியும் ஒதுக்காமல், "நாளை மாலைக்குள் அனைவரும் முடித்திருக்க வேண்டும்" என்று ஆணையிடுபவரும் இதில் பங்காளியே. அவர் கேட்பது கல்வியன்று, எண்ணிக்கை. எண்ணிக்கையைக் கேட்டவருக்கு எண்ணிக்கையே கிடைக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பு மனிதருக்காகவே உள்ளது, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பயிற்சிக்கும் இது பொருந்தும். பணியாளரை வளர்க்க வந்த பயிற்சி, பட்டியலை நிரப்பப் பணியாளரைப் பயன்படுத்தும்போது முறை தலைகீழாகிறது.

"பாடமே பயனற்றதாயின் என்ன செய்வது?" என்று இருபதாண்டு அனுபவமுள்ளவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். பயனற்றதைப் பயனற்றது என்று கூட்டத்தில் எழுந்து சொல்வதே முறை. கற்றேன் என்று பொய்யாக ஒப்பமிடுவது அதற்கு மாற்றாகாது. ஆனால் எழுந்து சொல்வதற்கு ஒரு விலை உண்டு. நிரந்தரப் பணியில் இருப்பவர் அதைத் தர இயலும். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அது எளிதன்று. ஆகவே இயன்றவர் இயலாதவருக்காகவும் பேசக் கடமைப்பட்டவர்.

எம்மாவுக்குச் செல்லும் 11 கிலோமீட்டர் வழியில், உயிர்த்த ஆண்டவர் விளக்கத்தைத் தொடங்குமுன் சீடர் இருவரிடமும் என்ன பேசிக்கொண்டு செல்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களுடைய துயரத்தைக் கேட்டபின் மறைநூலை விளக்கினார். திரையால் விளக்க இயலும். நம் துயரத்தைக் கேட்க இயலாது. 2025 சனவரியில் செயற்கை நுண்ணறிவு குறித்துத் திருப்பீடத்தின் இரு துறைகள் வெளியிட்ட ஏடும், ஆசிரியர் உடனிருப்பதால் விளையும் உறவை எந்திரம் தர இயலாது என்றே உணர்த்துகிறது.

இதற்கான மருந்தைப் புதுக்கோட்டை மாவட்டம் முன்னரே அறிந்திருக்கிறது. 1991-இல் இங்கு எழுந்த அறிவொளி இயக்கத்தில், தொண்டர்கள் உழைத்துக் களைத்த மக்களிடையே சென்றமர்ந்து எழுத்தறிவித்தனர். பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்றுத் தருபவரும் கற்பவரும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

நாமும் அவ்வாறு செய்யலாம். அன்பியத்தில் நற்செய்தியைத் தனித்தனியே வாசித்தபின் கூடிப் பகிர்கிறோமன்றோ? அதுபோல், இணையத்தில் தனித்துக் கற்றவர் நால்வர் மாலையில் ஒன்றுகூடி, "இதில் எனக்குப் பயன்பட்டது இது, எனக்கு விளங்காதது இது" என்று அரைமணி நேரம் பேசட்டும். அந்த அரைமணியை வேலை நேரத்திலேயே தலைமையாசிரியர் ஒதுக்கித் தரட்டும். இவ்வாறு பகிராமல் கோப்பில் துயிலும் சான்றிதழ், உவமையில் வரும் பணியாளன் மண்ணில் புதைத்துவைத்த தாலந்துக்கு ஒப்பானது.

அத்தாலந்தைக் குறித்துக் கணக்குக் கேட்க ஒருநாள் தலைவர் திரும்பி வந்தார் என்பதை நாம் அறிவோம். நம்மிடம் கணக்குக் கேட்பவர், கடலோரப் பள்ளியொன்றின் முதல் வரிசையில் நாளைக் காலை அமர்ந்திருப்பார்.