இரண்டு வேலிகளுக்கு நடுவே

சோமனூரிலிருந்து அவிநாசி ரோட்டுக்கு ஏறினால் வழியெல்லாம் போர்டு: 'டிடிசிபி அப்ரூவ்டு'. சைட் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக்கூட அப்புறம்தான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் காட்டை அளந்து, கல் நட்டு, பத்திரம் முடித்துவிடுவார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான், டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பதே எங்கள் பக்கம் பலருக்கும் உறைத்தது.

ஊரை ஒழுங்காக அமைக்கும் வேலையை அரசின் தலையில் கட்டியது எலி. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898இல் அங்கே நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. காற்று புகாத சந்துகளை இடித்து அகலப்படுத்துவது அதன் பணி. இடிபட்ட வீடுகளில் இருந்த ஏழைகள் எங்கே போவார்கள் என்று அது பெரிதாகக் கவலைப்படவில்லை. கோவைக்கும் பிளேக் வந்தது, பலமுறை. சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே சாளை போட்டுத் தங்கினார்கள். ஒருபக்கம் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. இன்னொருபக்கம், நெருக்கடியான பேட்டைக்கு மேற்கே, நேர்த்தெருக்களோடு புதிய குடியிருப்பு எழுந்தது. நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரில் அது ஆர்.எஸ்.புரம் ஆயிற்று. ஒரே பயம்தான், ஒன்று சாமியாயிற்று, ஒன்று தெருவாயிற்று.

அந்தக் காலத்திலேயே, 1914-15இல், பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை ஒட்டுமொத்தமாக இடிப்பதை அவர் ஒப்பவில்லை; வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் எடுத்தால் போதும் என்றார். 1920இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. பிறகு 1971இன் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972இல் உருவாகி, 1974இல் சட்டப்படியான அமைப்பானது. கோவைக்கு முழுமைத் திட்டம் ஒப்புதலானது 1994இல். அடுத்ததன் வரைவு 2024இல்தான் வெளிவந்தது. முப்பது வருசம் ஒரு ஊர் வரைபடத்துக்காகக் காத்திருக்குமா? தறிக்குடோன்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் சட்டத்துக்கு முன்பே கொங்கில் ஓர் ஏற்பாடு இருந்தது. இட்டேரி. இரண்டு தோட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் விட்டு, இரு பக்கமும் கிளுவையோ கள்ளியோ வைத்து, நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில் விட்ட வழி. வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும், கௌதாரி ஓடும். ஆடுமாடு போவதும் அதிலேதான், மழைத்தண்ணீர் பள்ளத்துக்கு வடிவதும் அதிலேதான். யாராவது வேலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டால், "வண்டி எப்படீங்க போகும்?" என்று ஒரு பெரியவர் கேட்டாலே போதும். நகர்த்தினவர் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். நாளைக்கு நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இன்று ஒரு லேஅவுட் போடுகிறவருக்கு அரசு சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். சாலைக்கு இவ்வளவு அகலம் விடு, வீட்டைச் சுற்றி இத்தனை அடி விடு, மனைப்பிரிவு பெரிதென்றால் சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடு. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் கட்டுவதைவிட விடுவதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஊர் நிற்பது ஆளாளுக்குக் கட்டிக்கொண்டதில் இல்லை, கட்டாமல் விட்டதில்தான். பங்காளிக்குப் பதிலாக முன்பின் தெரியாதவர் பக்கத்து மனைக்கு வந்தபோது, விடச்சொல்ல ஒரு அலுவலகம் தேவைப்பட்டது. அதுதான் வளர்ச்சிக் குழுமங்களின் பிறப்பு என்று எனக்குப் படுகிறது. அலுவலகத்துக்கோ நாளைக்கு விழிக்க வேண்டிய முகம் கிடையாது. 2016 அக்டோபர் 20க்குள் அங்கீகாரமில்லாமல் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த மறுவருசமே திட்டம் வந்தது. வெட்கம் இருந்த இடத்துக்கு வரன்முறைக் கட்டணம் வந்து சேர்ந்தது.

எல்லாருக்கும் பொதுவாக விட்ட இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னொரு தொல்லை. எங்கள் பக்கம் வீட்டு வாசலைப் பெருக்கித் தெளிப்பதில் யாரும் குறை வைப்பதில்லை. தறிக்கு எண்ணெய் விடுவதிலும் குறையிராது. ஆனால் 2017 செப்டம்பர் 7ஆம் தேதி, எல்லாருக்கும் பொதுவான சோமனூர் பஸ் ஸ்டாண்டின் மேற்கூரை இடிந்து விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

கோவைக்கும் திருப்பூருக்கும் தனித்தனி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் என்று 2022இல் அரசு அறிவித்தது. சோமனூர் இரண்டுக்கும் இடையில் கிடக்கிறது. எந்தக் குழுமத்து சர்வேயர் வந்தாலும் முதலில் பழைய புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். படத்தில் இட்டேரி என்று கோடு ஓடும் இடத்தில், தரையில் யாருடைய காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளட்டும்.