வலையும் அருளும்

ஈரநிலக் களப்பயிற்சியில் மாணவர்களும் சாரணர்களும் கைவலையால் குளத்தை அலசி, சிக்கும் நத்தை, நண்டு, தட்டான் குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் இட்டுப் பார்ப்பர். அறிவுக்காக ஓர் உயிரை அதன் இடத்தைவிட்டு எடுப்பது அறமா?

தொல்காப்பிய மரபியல் புல்லுக்கு ஓரறிவும், நத்தைக்கு இரண்டும், எறும்புக்கு மூன்றும், நண்டுக்கு நான்கும் தருகிறது. முதலறிவு தொடு உணர்வு. புல் முதல் மனிதர் வரை பொதுவானது அது ஒன்றே. உள்ளங்கையில் நத்தை ஊரும்போது பிள்ளை அறிவது அந்தப் பொதுமையைத்தான். படம் பார்த்து இது வராது.

சமணமும் உயிர்களைப் புலன்களால் வகுக்கிறது. ஆனால் நீரையே ஓரறிவுயிராகக் கொள்வதால், அதன் கண்டிப்பான நோக்கில் குளத்தைக் கலக்குவதே இம்சை. இந்த மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று.

தட்டில் குளத்து நீரை ஊற்றி, நிழலில் வைத்து, சில நிமிடங்களில் எடுத்த இடத்திலேயே விட்டால் பயிற்சி அறத்துக்குள் நிற்கும். புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது நிற்காது.