கழற்றி எறிந்தவை

பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து வெளியே வந்த நம்மிடம், "சாமி, வண்டிய மந்திரிச்சுத் தாங்க" என்றார் ஓர் இளைஞர். வேப்பமரத்தடியில் நின்றது, அவர் தம் விருப்பப்படி மாற்றியமைத்த தண்டர்பேர்டு மோட்டார் சைக்கிள். நீண்டு சாய்ந்த முன் ஃபோர்க், உயர்ந்து வளைந்த ஹேண்டில்பார், தாழ்ந்த ஒற்றை இருக்கை, அகன்ற பின்சக்கரம், எங்கும் குரோமியப் பளபளப்பு. ஈராண்டு உழைப்பின் சேமிப்பு அது.

அழகை நாம் பழிப்பதில்லை. மயிலுக்குத் தோகை தந்தவரே மனிதனுக்கு அழகுணர்வையும் தந்தார். கால்களை முன்னே நீட்டி, நிமிர்ந்து அமர்ந்து, நெடுவழியை நிதானமாகக் கடக்க உருவானது 'குரூசர்' வகை வண்டி. 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழிவந்த ராயல் என்ஃபீல்டு, இவ்வகையில் 2002இல் தண்டர்பேர்டையும், 2020இல் மீட்டியர் 350ஐயும், 2023இல் சூப்பர் மீட்டியர் 650ஐயும் கொணர்ந்தது. கடைசி வண்டியின் எடை 241 கிலோ. இருக்கை உயரமோ 740 மில்லிமீட்டர்தான். ஏறி அமர்பவனுக்கு ஓர் அரியணை!

இத்தகைய வண்டிகளை விருப்பம்போல் மாற்றும் பழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பரவியது. வேண்டாத பாகங்களை வெட்டி எறிந்து எடையைக் குறைத்தார்கள். 'சாப்பர்' என்னும் பெயரே வெட்டுதலைக் குறிப்பது. வேண்டாததை விலக்குதல் துறவிக்கும் உரிய நெறியே. ஆயினும், வேண்டாதது எது?

அவ்வண்டியைச் சுற்றி வந்தோம். பக்கக் கண்ணாடிகள் இல்லை. பின் மட்கார்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தது. இண்டிகேட்டர்கள் இல்லை. பின்னிருக்கையோடு சாரி கார்டும் போயிற்று. சைலன்சர் இருந்த இடத்தில் வெறுங்குழாய். கண்ணாடி, பின்னால் வருபவரைக் காண்பதற்கு. மட்கார்டு, அவர்மேல் சேறு தெறிக்காதிருக்க. இண்டிகேட்டர், நாம் திரும்புவதை அவருக்கு அறிவிக்க. சாரி கார்டு, பின்னே அமரும் தாயின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்க. சைலன்சர், தெருவிலுள்ளோரின் செவிக்காக. அழகின் பெயரால் கழற்றப்பட்டவை அனைத்தும் பிறருக்கென அமைந்தவை அல்லவா? தனக்கெனப் பூட்டிய குரோமியம் ஒன்றுகூடக் குறையவில்லை!

"என் வண்டி, என் பணம், இதுல மத்தவங்களுக்கு என்ன சாமி?" என்றார் அவர். பொருளை உடைமையாகக் கொள்வது வேறு, பயன்படுத்துவது வேறு என்று பிரித்துக் காட்டினார் புனித தாமஸ் அக்குவினாஸ். உடைமை தனியொருவருக்கு உரியதாகலாம். பயன்பாட்டிலோ அதைப் பொதுப்பொருள்போல் கருதவேண்டும் என்பது அவர் போதனை. நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனினும், அபராதத்துக்கு அஞ்சிக் கண்ணாடி மாட்டுபவன் காவலரை மட்டுமே அதில் பார்ப்பான்.

"சத்தம் கேட்டாத்தான் ஒதுங்குவாங்க" என்றும் சொன்னார். ஒதுங்க இயலாதவர்கள் இருக்கிறார்களே! இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளி எங்கே ஒதுங்குவார்? காரையாறு செல்லும் சாலை, 1988இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தினுள் செல்கிறது. அங்குள்ள உயிர்கள் எந்த வழக்குமன்றத்தில் முறையிடும்?

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோதே நம் மனச்சான்று நம்மைக் குத்தியது. ஆலயக் கோபுரத்தில் நாம் கட்டிய ஒலிபெருக்கி விடியுமுன் யாரைக் கேட்டு முழங்குகிறது? பக்தியும் சைலன்சரைக் கழற்றிவிடக் கூடும். தாமிரபரணியில் மூழ்கினால் நம்மேல் பட்ட சேறு கரையும். நாம் பிறர்மேல் தெறித்த சேறு கரையுமா?

அன்று வண்டியை மந்திரித்தே அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அவர் வந்தபோது சைலன்சரும் இரு கண்ணாடிகளும் திரும்பியிருந்தன; ஒற்றை இருக்கை மட்டும் மாறவில்லை. நாமும் ஒலிபெருக்கியின் குரலைத் தாழ்த்தியிருந்தோம். இறக்க இன்னும் மனம் வரவில்லை. இருவருக்கும் இன்னும் சற்று வழி இருக்கிறது.